வரைபடத்துக்கு முன் எதற்குப் பத்து நாள்?

சந்தைக் கடைகளுக்குச் சாமான் அடுக்கும் தட்டும் கூரையும் செய்யக் கேட்டு வரும் வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் விலைக்குறிப்பின் முதல் வரியில் ‘எண்ணலும் சோக்குக் கோடும் – 10 நாள்’ என்று இருக்கும். அளவெடுத்தவுடனே வேலையைத் தொடங்கலாம்தானே என்று பலர் கேட்கிறீர்கள். தொடங்கலாம். ஆனால் உள்ளே வருகிற சனம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளவுநாடாவுக்குத் தெரியாது. கொழும்பு புறக்கோட்டையின் பெஸ்டியன் மாவத்தையில் 2014இல் திறந்த மிதக்கும் சந்தை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பஸ் நிலையமும் பக்கத்திலேயே. இருந்தும் சில வருடங்களில் பல கடைகளுக்குப் பூட்டு விழுந்தது.

சனத்தை எண்ண வாசலுக்கு ஓர் ஆளை நிறுத்துவோம். காலை 6.30, 10.30, மாலை 5.30, ஒவ்வொரு தடவையும் 15 நிமிடம். வார நாட்களில் இரண்டு நாள், பிறகு சனியும் ஞாயிறும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எந்த இடத்தோடு திரும்பினார்கள் என்பதே முக்கியம். பின்வரிசையில் வியாபாரம் படுத்தால் விலையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் வாசலிலிருந்து பார்த்தால் அந்த வரிசை தெரியவே தெரியாது. தேடிவந்து வாங்கும் மீனையும் தேங்காயையும் பின்னுக்குக் கொண்டுபோனால் சனமும் அங்கே போகும். மே முதல் செப்டம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் மீனுக்கு வடகிழக்கு மூலைதான் தோது. ஈசான மூலையில் மீனா என்று முகம் சுளிப்பவர்களோடு நாங்கள் வாதாடுவதில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடிப்போம், புகை சொல்லிவிடும்.

அடுத்தது சோக்கு. இரவு சந்தை மூடியபின் தரையில் கோடு போட்டு, வெறும் பெட்டிகளைத் தட்டின் உயரத்துக்கு அடுக்கி, மறுநாள் காலை அப்படியே வியாபாரம் செய்ய விடுவோம். நடைபாதை 8 அடி: இரு பக்கமும் குனிந்து பொறுக்குபவர்களுக்கு இரண்டிரண்டு அடி, நடுவில் பையோடு எதிரெதிரே போகும் இருவருக்கு 4 அடி. 5 அடியாக்கினால் மூட்டை சுமக்கும் நாட்டாமியின் தள்ளுவண்டி ஒன்று வந்தாலே எல்லாம் நின்றுவிடும். 12 அடி விட்டால் நடுவில் இன்னொரு கடை முளைக்கும். கடை இலக்கமில்லாமல் தரையில் உட்கார்ந்து கீரை விற்கும் அம்மா எந்த வரைபடத்திலும் இருக்கமாட்டார். சோக்குக் கோட்டில் அவருக்கும் 4க்கு 3 அடியில், 6 அங்குல உயரத் திண்ணை ஒன்று போடுகிறோம்.

தரைக்கு மினுங்கும் டைல் கேட்காதீர்கள். திறப்பு விழாப் படத்துக்குத்தான் அது நல்லது, ஈரத்தில் வழுக்கும். துடைப்பத்தால் கீறிய சீமெந்துத் தரை, 10 அடிக்கு 1½ அங்குலச் சரிவு போதும். மீன் பக்கத்துக் கழிவுநீர்க் கானில் செதிலைப் பிடிக்க, கையால் தூக்கி எடுக்கும் கம்பிக் கூடை வேண்டும். மூடியைச் சீமெந்து வைத்துப் பூசிவிட்டால் பிறகு யாரும் கழுவமாட்டார்கள். முதல் அடைமழையிலேயே தண்ணீர் திரும்பி மேலே வரும்.

ஒளி புகும் கூரைத் தகட்டை நடைபாதைக்கு மேலே மட்டும் போடுவோம், கீரைக்கு மேலே போட்டால் பத்து மணிக்கே வாடிவிடும். இறாலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய்ப் பார்க்கும் ஆட்களைக் கண்டிருப்பீர்கள். நிறத்தை மாற்றிக் காட்டும் சிவப்பு மின்குமிழை நம்பாததால்தான் அப்படி. வெள்ளைக் குமிழ் போடுங்கள், நின்ற இடத்திலேயே வாங்குவார்கள்.

சந்தை முழுவதையும் ஒரேயடியாக மூடும் வேலையை நாங்கள் எடுப்பதில்லை. மூன்று மாதம் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போய்ப் பழகியவரைத் திரும்ப அழைப்பது கஷ்டம். ஒரு தடவைக்கு ஒரு வரிசை, அவ்வளவுதான். சீமெந்து இறுக 7 நாள் வேண்டும். இறைச்சி வரிசையில் உடைப்பு வேலையைப் பௌர்ணமி விடுமுறையான போயாவன்று தொடங்குவோம், அன்று எப்படியும் கடை இல்லை.

மாநகர சபைச் சந்தையானால் சுவரில் கை வைக்க எழுத்தில் அனுமதி வேண்டும். அதை எடுத்து வையுங்கள். தட்டுகளை நட்டு போல்ட்டில்தான் பூட்டுவோம், கழற்றி மாற்றலாம்.

அளவெடுக்க வரும் நாளில், பேலியகொடை மொத்தச் சந்தையிலிருந்து சாமான் ஏற்றிவரும் பெட்டி ஒன்றைக் கடையில் வைத்திருங்கள். தட்டின் ஆழத்தை அதைப் பார்த்துத்தான் வெட்டுவோம்.

இப்படிக்கு,
பட்டறையார்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13