லைட்வெயிட்டுன்னா எத்தன பவுண்டுங்க? மஸில் கார் பார்ட்ஸ் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவுல மஸில் காருக்கு, அதாவது பெரிய இன்ஜின் போட்ட பவரான காருக்கு, ஆஃப்டர்மார்க்கெட் பார்ட்ஸ் (கார் கம்பெனி இல்லாம வெளியாளுங்க செய்யிற பார்ட்ஸ்) செஞ்சு விக்கிற கம்பெனிக்காரங்களுக்கும், உங்க எல்லாருக்கும் சங்கமா 1963லேர்ந்து இருக்கிற செமாவுக்கும் வணக்கம்.

தமிழ்ல எழுதுனா உங்களுக்குப் புரியாதுன்னு தெரியும். பரவால்ல, இங்க டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து ஒரு மஸ்டாங் ஜிடியோ சேலஞ்சரோ வாங்கி நிறுத்தியிருக்கிற நம்ம பசங்க எத்தனையோ பேர் ராத்திரி பன்னண்டு மணிக்கு உங்க சைட்டப் பாத்துக்கிட்டே கார்டு நம்பர அடிக்கிறாங்க, முதல்ல அவங்க படிக்கட்டும், அப்புறம் யாராவது உங்களுக்கும் மொழிபெயர்த்து அனுப்புனா சந்தோஷம்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். லைட்வெயிட்டுன்னு போட்டு விக்கிற ஒவ்வொரு பார்ட்டையும் தராசுல வச்சு, பக்கத்துலயே கம்பெனி ஒரிஜினல் பார்ட்டையும் வச்சு, ரெண்டு எடையையும் பக்கத்துல போடுங்க. "கணிசமான எடை குறைப்பு"ன்னு எழுதாதீங்க. கணிசம்னா எத்தன பவுண்டு?

ஏன் இவ்ளோ கறாரா கேக்குறேன்னா இந்தக் கார்கள் எல்லாமே குண்டு. 2015ல வந்த சேலஞ்சர் ஹெல்கேட் 707 குதிரைசக்தி, எடை 4,400 பவுண்டுக்கு மேல, அதாவது ரெண்டு டன். 2020 ஷெல்பி ஜிடி500ங்கிற மஸ்டாங் 760 குதிரைசக்தி, அதுவும் 4,100 பவுண்டத் தாண்டுது. இப்ப வந்திருக்கிற சார்ஜர் டேடோனாங்கிற எலக்ட்ரிக் கார் 5,800 பவுண்டுக்கு மேலன்னு பாக்கும்போது பழசெல்லாம் ஒல்லியாத் தெரியுது, அது வேற கத. டிராக் ரேஸ் (நேர்கோட்டுல கால் மைல் ஓடுற ரேஸ்) ஓட்டுறவங்ககிட்ட ஒரு கணக்கு உண்டு, 100 பவுண்டு குறைச்சா குவார்ட்டர் மைல்ல 0.1 செகண்டு குறையும்னு. தோராயமான கணக்குதான், ஆனா அத நம்பித்தான் எல்லாரும் செலவு பண்றோம், அப்ப அந்த 100 பவுண்டு நெஜமாவே 100 பவுண்டான்னு தெரிய வேணாமா?

கார் கம்பெனிகளே இத ஒழுங்கா செஞ்சு காட்டியிருக்காங்க. 2014 கமாரோ இசட்/28ஐ எடுத்துக்கோங்க. பின் கண்ணாடிய 3.5 மில்லிமீட்டர்லேர்ந்து 3.2 மில்லிமீட்டரா மெலிசாக்குனாங்க. டிக்கி கார்ப்பெட்ட எடுத்துட்டாங்க. ஸ்பீக்கர் ஒண்ணே ஒண்ணு, அதுவும் பாட்டு கேக்க இல்ல, சீட் பெல்ட் போடலன்னா டிங் டிங்குன்னு அடிக்கணுமே அதுக்காக. டயருக்குக் காத்தடிக்கிற கிட்டையும் தூக்கிட்டாங்க, ரோட் ஐலண்ட், நியூ ஹாம்ப்ஷர் ரெண்டு மாநிலத்துல மட்டும் சட்டப்படி இருந்தாகணும்னு அங்க விக்கிற காருக்கு வச்சாங்க. இதெல்லாத்தையும் அவங்களே வெளிப்படையா சொன்னாங்க. டிராக் ரேஸுக்குன்னே வந்த சேலஞ்சர், 2018 டெமன்லயும் அப்படித்தான், முன்பக்க பாசஞ்சர் சீட்ட எடுத்ததுல 58 பவுண்டு, பின் சீட்ட எடுத்ததுல 55 பவுண்டு, பெல்ட்டு போல்ட்டு எல்லாம் சேத்து. வேணும்னா ஒரு சீட்டுக்கு ஒரு டாலர் குடுத்து திரும்ப வாங்கிக்கலாம்னு வேற சொன்னாங்க, மனுஷங்களுக்குக் குசும்பும் ஜாஸ்தி.

இப்ப உங்க கதைக்கு வரேன். என் மஸ்டாங்குக்கு கார்பன் ஃபைபர் பானெட்டுன்னு ஒண்ணு வாங்குனேன், யார்கிட்டன்னு சொல்லப் போறதில்ல. பெட்டியப் பிரிச்சு கவுத்துப் பாத்தா, மேல மட்டும் பளபளன்னு ஒரு லேயர் கார்பன், அடியில முழுக்க ஃபைபர்கிளாஸ், ஓரத்துல ரெசின் வழிஞ்சு கட்டியா நிக்குது. நண்பன் ஒருத்தன பாத்ரூம் எடை மெஷின் மேல ஏத்தி, அவன் கையில முதல்ல பழைய பானெட்டையும் அப்புறம் இதையும் குடுத்துப் பாத்தோம், முள்ளு கிட்டத்தட்ட அதே எடத்துல தான் வந்து நின்னுச்சு. என் மஸ்டாங்குக்கு ஒரிஜினல் பானெட்டே அலுமினியம்தானே, இரும்பு பானெட்டோட ஒப்பிட்டு எழுதுன விளம்பரத்த அப்படியே இதுக்கும் ஒட்டிட்டா எப்படி? கேட்டா "லுக்குக்காக வாங்குறாங்க சார்"ங்கிறாங்க. லுக்குக்குன்னா லுக்குன்னு எழுதி வில்லுங்க, நானும் சந்தோஷமா வாங்கிட்டுப் போறேன்.

ரேஸ் சீட்டு கத இன்னும் மோசம். பக்கத்துல போட்டிருக்கிற எடை சீட்டோட வெறும் ஷெல்லுக்கு மட்டும். அதோட சைட் மவுண்ட், ஸ்லைடர், காருக்கான பிராக்கெட், போல்ட்டு எல்லாம் தனித்தனியா வாங்கி மாட்டி முடிச்சா மிச்சம்னு நினைச்ச எடையில ஒரு பெரிய துண்டு திரும்ப வந்து உக்காந்துடும். நம்ம ஊர் நகைக்கடையில கூட கல்லு எடையக் கழிச்சுட்டு தங்க எடையத் தனியா பில்லுல எழுதித் தராங்க. நீங்க பிராக்கெட் எடைய எழுத மாட்டேங்கிறீங்க. அதோட ஒரிஜினல் சீட்டுக்குள்ள சைடு ஏர்பேக் இருக்கு, பாசஞ்சர் சீட்டுல ஆள் உக்காந்திருக்காங்களான்னு பாக்குற சென்சார் இருக்கு, அதெல்லாம் போயிடும்னு பெரிய எழுத்துல போடணும். ஒரு ஒர்க்‌ஷாப் தெரிஞ்சே சட்டம் கேக்குற பாதுகாப்பு சாதனத்த செயலிழக்க வச்சா இங்க ஃபெடரல் சட்டப்படி தப்பு, உங்களுக்குத் தெரியாததா. "ஆஃப் ரோடுக்கு மட்டும்"னு கடைசி வரியில எறும்பு சைஸ்ல போட்டுட்டு நழுவுறது நியாயமில்ல. 1968ல ஹெமி டார்ட்ங்கிற ரேஸ் கார வித்தப்போ கிரைஸ்லர் கம்பெனி இது ரோட்டுல ஓட்ட செஞ்ச வண்டி இல்லன்னு கார்லயே ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்துச்சு, அந்த நேர்மை போதும்.

எத்தன பவுண்டுங்கிறது மட்டும் இல்ல, எங்கேர்ந்து எடுக்குறோம்ங்கிறதும் வேணும். ஹெல்கேட்ல 57 சதவீத எடை முன் சக்கரத்து மேல. பவர் போறது பின் சக்கரத்துக்கு. இதுல "ரியர் சீட் டெலீட் கிட்" வாங்கி பின் சீட்டக் கழட்டுனா வண்டி எடை குறையும், ஆனா மூக்கு பாரம் அப்படியே இருக்க, பிடிப்பு வேண்டிய பின்பக்கம் இன்னும் லேசாயிடும். டெமன்காரங்க அதையே செஞ்சாங்கதான், ஆனா கூடவே அகலமான டிராக் டயர், அதுக்கேத்த சஸ்பென்ஷன் எல்லாம் குடுத்தாங்க. உங்க கிட்டுல ஒரு கார்ப்பெட் துண்டுதான் வருது. பார்ட்டு பக்கத்துல முன்னாடி எவ்ளோ குறையுது, பின்னாடி எவ்ளோ குறையுதுன்னு ஒரு வரி போட்டா என்ன கொறஞ்சுடும்?

ரிம்முக்கு வரேன், உண்மையிலயே காசு போட வேண்டிய எடம் இதுதான்னு நான் நினைக்கிறேன். ரிம்மோட வெளி வட்டத்துல இருக்கிற எடை காரோட சேந்து முன்னாடியும் போகணும், சுத்தவும் செய்யணும், அதனால வேகம் எடுக்கும்போது அங்க ஒரு பவுண்டு கிட்டத்தட்ட ரெண்டு பவுண்டு மாதிரி. ஷெல்பி ஜிடி350ஆர்ல ஃபோர்டு கார்பன் ஃபைபர் வீல் போட்டப்போ ஒரு வீல் 18 பவுண்டு, அதே அளவுல அலுமினியம்னா 33 பவுண்டுன்னு ரெண்டையும் சொன்னாங்க, பிரேக் சூடு தாங்க உள்பக்கம் செராமிக் பூச்சு குடுத்திருக்கோம்னும் சொன்னாங்க. அப்படி சொல்லணும். நீங்க என்னடான்னா "18 பவுண்டு முதல்"னு போடுறீங்க, அந்த "முதல்" இருக்கிறதுலயே சின்ன சைஸுக்கு, என் காருக்கு வேணுங்கிற அகலத்துல எவ்ளோன்னு கேட்டு மெயில் போட்டா பதிலே வராது. சில டிராக் வீலுக்கு எவ்ளோ பாரம் தாங்கும்னே எழுதியிருக்காது. ஹெல்கேட்ல ஒரு முன் சக்கரம் சும்மா நிக்கும்போதே 570 கிலோவுக்கு மேல தாங்குது, பிரேக் அடிச்சா இன்னும் ஏறும், பாவம் எவனோ ஒருத்தன் அந்த வீல மாட்டிட்டு ஹைவேல குழியில எறக்கப் போறான். வெளியில விக்கிற வீலோட பலத்த சோதிக்கிற எஸ்ஏஇ ஜே2530 டெஸ்ட் பண்ணீங்களா இல்லையா, பண்ணியிருந்தா நம்பரப் போடுங்க.

டிரைவ்ஷாஃப்ட் (இன்ஜின் பவர பின் சக்கரத்துக்குக் கொண்டு போற தண்டு) விக்கிறவங்க மட்டும் நான் பாத்த வரைக்கும் பரவால்ல, பெரும்பாலும் எடை போட்டிருக்காங்க.

செமாவுக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு நவம்பரும் லாஸ் வேகஸ்ல ஷோ நடத்துறீங்க, புதுப் பொருளுக்குன்னு தனியா ஒரு எடமே வைக்கிறீங்க. அங்க எடை குறைப்புன்னு சொல்லிக்கிட்டு வர்ற ஒவ்வொரு பொருளோட அட்டையிலயும் நாலு வரி கட்டாயம்னு வச்சிடுங்க: பிராக்கெட், போல்ட் சேத்து மொத்த எடை, ஒரிஜினல் பார்ட்டோட எடை, எந்த மாடல் வருஷத்தோட ஒப்பிட்டது, தாங்குற பாரம். தராசுக்கு ஒண்ணும் பெரிய செலவு இல்ல. அந்த ஷோவுல ஒரு ஸ்டால் வாடகையில தராசு ஒரு லாரி நெறைய வாங்கலாம்.

இப்படிக்கு,
மிச்சிகன்ல மஸ்டாங் ஓட்டுற ஒருத்தன்

பி.கு: லித்தியம் பேட்டரி விக்கிறவங்களுக்குத் தனியா ஒரு விஷயம். ஆம்ப் ஹவர் (பேட்டரியோட கொள்ளளவு) எடத்துல சாதாரண லெட் ஆசிட் பேட்டரிக்கு சமமான நம்பர பெருசா போட்டுட்டு நெஜ நம்பர எங்கயோ ஒளிச்சு வைக்காதீங்க, ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு வாங்குறவங்க நெறைய. அப்புறம் மஸ்டாங்ல பேட்டரி முன்னாடி, எடை குறைஞ்சா மூக்குக்கு நல்லது, சேலஞ்சர்ல அது டிக்கிக்குள்ள, அங்க குறைச்சா பின்பக்கம்தான் லேசாகும், ரெண்டு காருக்கும் ஒரே விளம்பரம் ஓட்டுறீங்க. குளிர் பத்தியும் எழுதுங்க. போர்ஷ இதே மாதிரி லித்தியம் பேட்டரிய ஆப்ஷனா குடுத்தப்போ குளிர்காலத்துக்கு மாட்டிக்கோங்கன்னு சாதா பேட்டரி ஒண்ணையும் கூடவே குடுத்தாங்க. இங்க ஜனவரியில ஜீரோவுக்குக் கீழ போயி காலையில ஸ்டார்ட் ஆகாம நிக்கிறவனுக்கு உங்க கஸ்டமர் கேர்ல "பேட்டரிய வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போய் சூடு பண்ணுங்க"ன்னு சொல்றீங்களே, அத வாங்குறதுக்கு முன்னாடியே பக்கத்துல போட்டுடுங்க.