'கேஸ்' மாத்திரையும் படபடப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெஞ்சு படபடக்கிறது என்று மருந்துக்கடைக்குப் போனால் முதலில் கிடைக்கும் பதில், "கேஸா இருக்கும்." இதை வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. சாப்பாட்டுக்குப் பின் வரும் இந்தப் படபடப்பை ஜெர்மன் மருத்துவர் லுட்விக் ரோம்ஹெல்ட் 1912-லேயே விளக்கி எழுதியிருக்கிறார். உணவுக்குழாய் இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால், அதை ஒட்டியே இறங்குகிறது. வயிறு உப்பினால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் மேலே ஏறி இதயத்தை நெருக்குகிறது. இதயத்துக்கும் இரைப்பைக்கும் கிளை கொடுப்பது மூளையிலிருந்து இறங்கும் ஒரே வேகஸ் நரம்புதான். ஆகவே மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தாலோ, ஐஸ் தண்ணீரை மடமடவென்று குடித்தாலோ சிலருக்கு ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது ஓங்கி அடிக்கும். எப்போதாவது வந்து தானாக அடங்கினால் பெரும்பாலும் பயமில்லை.

எங்கள் கவலை, அந்தப் பதிலோடு கைக்கு வரும் மருந்தைப் பற்றியது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மில்லிகிராமும், குமட்டலை அடக்கும் டோம்பெரிடோன் 30 மில்லிகிராமும் சேர்ந்த கேப்சூலைக் காலையில் வெறும் வயிற்றில் போடுவது பல வீடுகளில் காபி குடிப்பதுபோல் ஆகிவிட்டது. ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் வாங்குகிறவர்கள் உண்டு.

ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராகச் சிறிது நேரம் எடுக்கிறது. இசிஜியில் க்யூடி இடைவெளி என்று அளப்பதில் இதுவும் அடங்கும். டோம்பெரிடோன் அதை நீட்டக்கூடியது. அளவு மீறி நீண்டால் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து மயக்கம் வரும். அரிதாக உயிரே போகும். ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் இதற்குக் கடிவாளம் போட்டது: குமட்டல், வாந்திக்கு மட்டும், பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம் வீதம் நாளுக்கு அதிகபட்சம் மூன்று வேளை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். வயிற்று உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கொடுக்கவே கூடாது என்றது. நம் ஊரில் அது அதிகம் விற்பது இந்த இரண்டுக்கும்தான்!

பான்டோபிரசோலை வருடக்கணக்கில் எடுத்தால் சிலருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் குறைகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-ல் அமிலத்தைக் குறைக்கும் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே எச்சரித்தது. மெக்னீசியம் குறைந்தால் பொட்டாசியமும் சிறுநீரில் போய்விடும். இரண்டும் குறைந்தால் க்யூடி இன்னும் நீளும். ஆக, ஒரே கேப்சூலில் உள்ள இரண்டு மருந்தும் இதயத்தை ஒரே பக்கமாகத் தள்ளுகின்றன. அதோடு இரண்டு நாள் பேதியோ, நீர் பிரிய எடுக்கும் ஃப்ரூசமைடோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளும் பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோலும் டோம்பெரிடோன் உடலில் சிதைவதைத் தடுத்து அதன் அளவை ஏற்றிவிடும். இவற்றைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. பேதிக்கு வெறும் உப்பு சர்க்கரைக் கரைசலைவிட ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மேல். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது.

மூச்சுப் பக்கமும் இதே கதைதான். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலரை அடிக்கடி அடித்தால் கை நடுங்கும், துடிப்பு எகிறும், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோபிலின் கலந்த மாத்திரை எடுப்பவர் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்தால் தியோபிலின் அளவு ஏறி வாந்தி, படபடப்பு வரும். அந்த வாந்திக்கு மறுபடி ஒரு கேஸ் மாத்திரை! பதற்றத்தில் வேக வேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி உதடும் விரல்நுனியும் மரமரக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். இது மெதுவாக மூச்சு விட்டால் அடங்கிவிடும். குறட்டைக்கு நடுவே பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்று நின்று வருவது அப்படியல்ல. அடைத்த தொண்டையோடு மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் உறிஞ்சுவதுபோல் அழுத்தம் இறங்கி, மேலறைகளின் மெல்லிய சுவர் இழுபடுகிறது. மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் திரும்பத் திரும்ப வருகிறவர் வீட்டில், அவர் தூங்கும்போது எப்படி மூச்சு விடுகிறார் என்று கேட்பது நல்லது.

படபடக்கும்போது கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். எண்ணிக்கையோடு, சீராக அடித்ததா, தாறுமாறாக அடித்ததா என்பதையும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்கம், மூச்சுத்திணறல், வியர்வை சேர்ந்தால் ஓமத்திரவம், சோடா என்று நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழையுங்கள். இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பு மேல்வயிற்று வலி, வாந்தி, குறைந்த நாடித்துடிப்பு என்று கேஸ் போலவே வரும். இசிஜி எடுக்காமல் பிரித்தறிய முடியாது.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைச் சட்டென்று நிறுத்த வேண்டாம். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எடுப்பவர்களுக்கு இரைப்பையில் ரத்தக்கசிவு வராமல் தடுக்கத்தான் பான்டோபிரசோல் கொடுக்கிறார்கள். டோம்பெரிடோன் இல்லாத தனி பான்டோபிரசோல் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டோம்பெரிடோன் எச் அட்டவணை மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது. பழைய சீட்டைக் காட்டி வாங்குவதையாவது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளில் நேரில் சோதித்து நிறுத்த வேண்டும்.

மருந்தாளுநர்கள் சிலர்,
திருச்சி