கஜங்களின் பெயரைப் பலகையில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கோடைச் சுற்றுலாக் கட்டுரையில் கும்பக்கரை அருவியைப் பற்றி நான்கு வரி எழுதி, 'குடும்பத்துடன் குளித்து மகிழலாம்' என்று முடித்திருந்தீர்கள். போன வாரம்தான் அங்கே போய்வந்தோம். குளியல் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. மலைத் தண்ணீர் தலையில் விழுந்ததும் மதுரை வெயிலே மறந்துபோயிற்று. ஆனால் அங்கே போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

பெரியகுளத்திலிருந்து சுமார் 8 கி.மீ. தூரத்தில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கிறது கும்பக்கரை. பாம்பாற்றுத் தண்ணீர் பாறைகள் மேல் சரிந்து வரும் வழியெல்லாம் ஆழமான பள்ளங்கள். ஊர்க்காரர்கள் கஜம் என்கிறார்கள். நீர்நிலையைக் குறிக்கும் 'கயம்' என்ற பழைய சொல்தான் இப்படித் திரிந்ததோ என்று எனக்கு ஓர் எண்ணம். யானை கஜம், பாம்பு கஜம், அண்டா கஜம், உரல் கஜம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு.

என் மகனுக்கு நன்றாக நீச்சல் தெரியும். தெளிந்த தண்ணீரைப் பார்த்ததும் தடுப்பைத் தாண்டிக் குதிக்கப் போனான். வனத்துறை ஊழியர் விசில் ஊதி நிறுத்தினார், அவருக்கு நன்றி. திரும்பி வரும்போது, மாங்காய்க் கீற்று விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அவனிடம் சொன்னார்: "அண்டாவுக்குள் விழுந்த எலி ஏறி வருமா தம்பி? சுற்றிலும் வழுவழுவென்று இருக்கும், கைக்குப் பிடி கிடைக்காது. நீச்சல் தெரிந்து என்ன செய்வது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுழலில் அகப்பட்ட கூழாங்கற்கள் ஆண்டாண்டு காலமாக ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையை உரல் குழிபோல் குடைந்துவிடுகின்றன. சுவரெல்லாம் இழைத்தது போலாகிவிடுகிறது. அதன்மேல் பாசியும் படிந்தால் கேட்கவே வேண்டாம். இதைத்தான் முன்னோர் உரல் என்றும் அண்டா என்றும் ஒரே சொல்லில் எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து போகும் நமக்கு அது வெறும் குளம்!

மழையையும் சொல்ல வேண்டும். கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் கொடைக்கானலில் மழை கொட்டும். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், அந்த நிமிடமே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கரையேறிவிட வேண்டும்.

'ஆபத்தான பகுதி' என்று பொதுவாக எழுதி வைத்தால் இளைஞர்கள் படிப்பதில்லை. ஒவ்வொரு கஜத்தின் பெயரையும், அந்தப் பெயர் வந்த காரணத்தையும், ஆழத்தையும் பலகையில் எழுதி வைக்குமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் அடுத்த கட்டுரையில் இவற்றைச் சேர்க்க வேண்டும். எந்தப் பள்ளத்துக்கு எந்தப் பெயர் என்று அந்த மாங்காய்க்காரப் பெரியவரைக் கேட்டால் கைநீட்டிக் காட்டிவிடுவார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.