மணி அடித்ததும் எழுந்து போன அக்காவுக்கு

அக்கா,

அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. மடத்தின் கம்பிக்குள்ளேயே வாழும் துறவி நீ, நினைவுத் திருப்பலிக்கு உன்னால் வர முடியாது என்பது தெரியும், அதைப் பற்றி எழுத வரவில்லை. போன மாதம் வந்த உன் கடிதத்துக்குப் பதில் இது. தபாலில் போடாமல் ஊரறிய ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். தனியாக எழுதினால் உனக்குப் பணிந்து போய்விடுகிறேன், எப்போதும் அப்படித்தான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் கொஞ்சம் நிமிர்ந்து பேசுவேன். எந்த மடம், எந்த ஊர் என்று சொல்லவில்லை, பயப்படாதே. யாராவது அச்செடுத்து உன்னிடம் கொடுப்பார்கள்.

"இப்போதுதான் உனக்கு நேரம் இருக்கிறதே, காலையும் மாலையும் இருபது நிமிடம் ஆண்டவர் முன் சும்மா உட்கார்" என்று எழுதியிருந்தாய். உட்கார்ந்து பார்த்தேன். நீ சொன்ன மாதிரியே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, மனம் ஓடினால் அதோடு சண்டை போடாமல் திரும்ப அந்தச் சொல்லுக்கே வந்து. ஒன்றும் நடக்கவில்லை. எதையும் எதிர்பார்க்காமல் இருப்பதுதான் அந்தச் செபமே என்பாய், சரி, அதுவும் தெரியும். செபத்தைப் பற்றி அவ்வளவு எழுதிய புனித அவிலா தெரேசாவே சில வருடங்கள் செப நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். செபத்தில் ஒன்றும் தோன்றாத அந்த வறட்சி எனக்கும் புதிதில்லை. "இப்போதுதான் நேரம் இருக்கிறதே" என்ற அந்த ஒரு வரிதான் தொண்டையில் நிற்கிறது. அதற்கு முன்னால் நான் செபிக்கவே இல்லை என்றா நினைத்துக்கொண்டிருந்தாய்?

அந்தப் பார்வையாளர் அறை உனக்கும் ஞாபகம் இருக்கும், ஆனால் நீ பாதிதான் பார்த்தாய். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த உன்னைப் பார்த்து அம்மா, "சிஸ்டர், உங்களுக்கு அம்மா அப்பா இருக்காங்களா?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். கொஞ்ச நேரத்தில் அவள் நாற்காலிக்குக் கீழே ஈரம் பரவியது. நீ அதைப் பார்த்தாய், நீ பார்த்ததை நான் பார்த்தேன். அப்போது மாலைச் செபத்துக்கு மணி அடித்தது, நீ எழுந்துவிட்டாய். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போவதுதான் உங்கள் ஒழுங்கு, மணியோசை ஆண்டவரின் அழைப்பு, எல்லாம் நீ சொல்லிக் கேட்டதுதான். உன் விரல்கள் மட்டும் கம்பியை ஒரு நொடி விடவில்லை, வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகியிருந்தன. அப்புறம் கதவு சாத்திக்கொண்டது.

பையிலிருந்த துண்டை எடுத்து முழங்காலில் நின்று தரையைத் துடைத்தேன். அம்மா என் தலையைத் தடவி, "பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றாள். அந்த நேரம் பார்த்து உள்ளே நீங்கள் பாட ஆரம்பித்தீர்கள், மடங்களில் வேளை தவறாமல் பாடுகிற வேளைச் செபம் தொடங்குகிற அதே வரி, திருப்பாடல் 70-இன் தொடக்கம்: எனக்குத் துணை செய்ய விரைந்து வாரும். கோபத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே யாருக்கு யார் விரைந்து வந்திருக்க வேண்டும், நீயே சொல்.

ஆனால் அந்த வரி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது மூச்சை இழுத்துக்கொண்டு "துணை செய்ய", தூக்கி உட்கார்த்தும்போது "விரைந்து வாரும்". மாத்திரையை என் கையிலேயே துப்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டும் அதுதான். பல ராத்திரிகளில் அது செபமா வசவா என்று எனக்கே தெரியாது. எகிப்துப் பாலைவனத் துறவிகள் இதே வரியைத்தான் வேலையிலும் பயணத்திலும் தூக்கம் வரும்வரையிலும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று 5ஆம் நூற்றாண்டில் ஜான் காசியன் என்ற துறவி எழுதியிருப்பதைப் பிற்பாடுதான் படித்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் எட்டுகிற செபம் என்கிறார். எனக்கும் எட்டியது.

அம்மா படுக்கையில் விழுந்த புதிதில், மடத்துச் சமையலறை வேலைக்கு நடுவிலும் ஆண்டவரோடு இருந்த சகோதரர் லாரன்ஸ் பற்றிய சின்னப் புத்தகம் அனுப்பினாயே, அதைத் தூக்கி எறியாத குறைதான். அவர் போரில் கால் ஊனப்பட்டவர், 1640இல் பாரிஸில் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர், சமையல் வேலை அவருக்கு அடியோடு பிடிக்காது, முதல் பத்து வருடம் உள்ளுக்குள் தவியாய்த் தவித்தார். இதெல்லாம் அதிலேயே இருக்கிறது. நீ பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தது இனிப்பான வரிகளுக்கு மட்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், என் அக்கா கல்நெஞ்சக்காரி இல்லை. அனுமதி கேட்டாளா, கிடைத்ததா என்பதெல்லாம் எங்கள் வீட்டு விஷயம், இங்கே வேண்டாம்.

சில ராத்திரி அம்மா காரணமே இல்லாமல் அமைதியாகத் தூங்குவாள். அந்நேரம் நீ விழித்திருந்து அவள் பேரைச் சொல்லிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன், அழுகை வரும். விடிந்ததும் அந்த நினைப்பின் மேலேயே எரிச்சல் வரும். துடைத்தது நான், பேர் உனக்கா?

மார்த்தா மரியா கதையை மட்டும் இனி என்னிடம் எடுக்காதே, வேலையில் பரபரத்த அக்கா மார்த்தாவை விட ஆண்டவர் காலடியில் உட்கார்ந்து கேட்ட தங்கை மரியாவே நல்ல பங்கைத் தேர்ந்தாள் என்கிற அந்தக் கதையை. லூக்கா 10ஆம் அதிகாரத்தோடு மார்த்தா முடிந்துவிடவில்லை. யோவான் 11ஐ எடுத்துப் பார், ஆண்டவர் வருகிறார் என்றதும் எதிர்கொண்டு போனவள் அவள், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்று முகத்துக்கு நேரே கேட்டவள், நீரே மெசியா என்றவளும் அவள்தான். மரியா அப்போது வீட்டில் உட்கார்ந்திருந்தாள். உனக்குப் பிடித்த தெரேசாவும் 1577இல் இதைத்தான் எழுதினார், ஆண்டவரை உபசரிக்க இரண்டு பேரும் வேண்டும், தங்கச்சி காலடியிலேயே உட்கார்ந்திருந்தால் அவருக்கு யார் சாப்பாடு போடுவது என்று.

ரொம்பப் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள். பாதிக்கு மட்டும்.

அந்த இருபது நிமிடத்தை விட்டுவிட்டேன் அக்கா. செபத்தை விடவில்லை. தெரிந்த வீட்டில் ஒரு பாட்டி எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறார், அவரைக் குளிப்பாட்டிவிடப் போகிறேன், அங்கே அந்த வரி கேட்காமலே வந்து நிற்கிறது. சும்மா உட்காருவதும் எனக்கு ஒருநாள் வரலாம். வந்தால் வரட்டும், நீ ஞாபகப்படுத்த வேண்டாம்.

வருகிற ஞாயிறு பார்க்க வருகிறேன். இதில் எழுதிய எதையும் அங்கே பேச மாட்டேன், உனக்குப் பேச வேண்டும் என்றால் பேசு. மணி அடித்தால் போ, உன் ஒழுங்கை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும், போய்ட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.

உன் தங்கை