ஏழில் இரண்டு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது, அதனால்தான் உடனே பதில் போட முடியவில்லை. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடு. உன் மகள் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

கல்விக் கொள்கை பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு உன்னை அழைத்திருக்கிறார்கள், அங்கே என்ன பேசலாம் என்று கேட்டிருந்தாய். இந்த வருஷம் என் வகுப்பில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். நான் சொல்ல வேண்டியதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. இந்த வயதில் ஜியோஜீப்ரா கற்றுக்கொண்டேன். ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தபோது தொடங்கிய கணித மென்பொருள் அது. பள்ளிகளுக்கு இலவசம். எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒரு நாள் திரையில் முக்கோணம் வரைந்து, அதன் உச்சியை இஷ்டப்படி இழுத்துப் பார்க்கச் சொன்னேன். எப்படி இழுத்தாலும் மூன்று கோணங்களும் சேர்ந்து 180தான். சில தடவை கூட்டினால் 180.01 வந்தது. உடனே பிடித்துக்கொண்டார்கள். தசமத்தை இரண்டு இடத்தோடு நிறுத்திக் காட்டுவதால் வரும் வித்தியாசம் அது என்று அவர்களே பேசிக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

அப்புறம் ஒருவன் உச்சியை அடிக்கோட்டை நோக்கிக் கீழே இறக்கிக்கொண்டே போனான். மேல் கோணம் 150, 170, 179 என்று விரிய, மற்ற இரண்டும் ஒன்றுமில்லாமல் சுருங்கின. "சார், கோட்டைத் தொட்டுட்டா அது முக்கோணமா, கோடா?" என்று கேட்டான். முப்பது வருஷமாகக் கரும்பலகையில் அதே முக்கோணத்தை வரைந்திருக்கிறேன். ஒருவரும் அதைக் கேட்டதில்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அதனால், கம்ப்யூட்டர் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் கிழவன் என்று என்னை நினைத்துவிடாதே.

இப்போது இரண்டாவது விஷயம். எங்களுக்கு ஒரு பயிற்சிச் செயலி கொடுத்திருக்கிறார்கள். வாரம் மூன்று பீரியட் அதில்தான் கணக்குப் போட வேண்டும். எத்தனை பாடம் முடிந்தது என்ற சதவீதம் மாதாமாதம் மேலதிகாரிகளுக்குப் போகும். அதை வைத்துத்தான் ஆசிரியர்களுக்கும் மதிப்பெண்.

பின்னக் கூட்டல் வந்தது. மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? ஒரு சிறுமி 2/7 என்றாள். சிவப்பு. மீண்டும் முயற்சி செய் என்றது. நான்கு விடைகளில் ஒன்று போக மூன்று மீதம். வரிசையாக அழுத்தினாள், 7/12க்குப் பச்சை வந்தது. அதே மாதிரிக் கணக்குகளில் தப்பு வந்தபோதெல்லாம் இதே வித்தைதான். அந்த வாரம் அவள் பெயருக்கு நேரே "தேர்ச்சி" என்று வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் ஏன் ஏழில் இரண்டு என்று நினைத்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "மூணு தடவை பந்து போட்டேன், ஒண்ணு கூடையில விழுந்துச்சு. அப்புறம் நாலு தடவை போட்டேன், அதுலயும் ஒண்ணு. மொத்தம் ஏழுல ரெண்டுதானே சார்?"

அசந்துவிட்டேன். பந்துக் கணக்கில் அவள் சொன்னது முழுக்கச் சரி. ஒரே ரொட்டியில் மூன்றில் ஒரு பங்கும் நான்கில் ஒரு பங்கும் எடுத்தால்தான் அது பொருந்தாது. அன்று வகுப்பு முழுவதும் அதைத்தான் பேசினோம்: எப்போது மொத்தம் மாறுகிறது, எப்போது மாறாமல் நிற்கிறது. 2/7 என்பது மூன்றில் ஒன்றைவிடவே சின்னது, கூட்டினால் எப்படிக் குறையும் என்று இன்னொரு பெண் கேட்டாள். பின்னம் கற்றுக்கொடுத்ததில் எனக்கு மறக்க முடியாத நாள் அது. அந்த மாத அறிக்கையில் என் வகுப்பு பின்தங்கிய வகுப்பு. காரணம் கேட்டுக் கடிதமும் வந்தது. எனக்கு உண்மையாகவே வலித்தது.

இதில் புதிதாக எதுவும் இல்லை என்பதுதான் வருத்தம். 1862இல் இங்கிலாந்தில் கல்விப் பொறுப்பிலிருந்த ராபர்ட் லோ கொண்டுவந்த விதி உனக்கு நினைவிருக்கும், நாம் படித்ததுதான். தேர்ச்சிக்கு ஏற்ற மானியம். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் ஆய்வாளர் வந்து சோதிப்பார். ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் பள்ளிக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி ஆய்வாளர். உண்மையில் வாசிக்கத் தெரியாமலேயே பிள்ளைகளை அந்தச் சோதனையில் தேற வைத்துவிட முடிகிறது என்று அவர் எழுதினார். அந்த முறை ஒழிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. என் சிறுமி நான்கு பொத்தானை அழுத்தித் தேறியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம், சொல்.

கருவி வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்பதும் பார்த்துவிட்ட கதைதான். பெரு நாட்டில் எட்டு லட்சத்துக்கு மேல் மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2012இல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததாகத் தெரியவில்லை. அங்கேயும் ஆசிரியர்களைத் தயார்படுத்த எடுத்துக்கொண்ட சிரமம் மிகக் குறைவு.

கூட்டத்தில் நீ எவ்வளவோ பேசலாம். எனக்காக ஒன்றே ஒன்று கேள். திரையை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை வகுப்பில் நிற்கிறவரிடம் விட முடியுமா? முடியாது என்றால், அந்த முடிவை எடுப்பவர் மாதம் ஒரு நாளாவது ஒரு பிள்ளையின் தப்பான விடைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாரா? சுற்றி வளைக்காமல் இப்படியே கேள். நீ கேட்டால் கேட்டுக்கொள்வார்கள். உனக்கு அந்தக் குரல் உண்டு.

அந்தச் சிறுமி பந்தும் கூடையும் வரைந்து கணக்கு விளக்கிய தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பெயரை மறைத்துவிட்டேன். கூட்டத்துக்கு எடுத்துப் போ. முடிந்ததும் அதை உன் மகளிடம் கொடு. தேதி தெரிந்ததும் எழுது, அன்று மாலை நானே கூப்பிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்