தார் போடாமல் வைத்திருக்கும் சாலைகள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் இத்தாலியின் டஸ்கனி பற்றி வந்த பயணக் கட்டுரையை இங்கே பொலோன்யாவில் உட்கார்ந்துகொண்டு படித்தேன். ஃப்ளோரன்ஸ், பைசா, வாடகைக் காரில் ஒயின் தோட்டங்கள், எல்லாம் சரி. ஆனால் சைப்ரஸ் மரங்கள் வரிசைகட்டி நிற்கும் ஒரு வெள்ளைச் சாலையின் படத்தைப் போட்டு, அதன் கீழே ‘ஐரோப்பாவிலும் தார் காணாத கிராமங்கள் உண்டு’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தேர்தலுக்குத் தேர்தல் தார் ரோடு கேட்டு மனுக் கொடுக்கிற ஊரில் வளர்ந்தவன் நான். அதனால் கட்டுரையாளருக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று புரிகிறது, முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பாவம், பஞ்சாயத்தில் காசு இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தச் சாலைக்குத் தார் வராமல் இருக்க ஆட்கள் பாடுபட்டிருக்கிறார்கள் என்று.

இத்தாலியர்கள் இவற்றை ‘ஸ்ட்ராடே பியாங்கே’, அதாவது வெள்ளைச் சாலைகள் என்கிறார்கள். சியெனா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் கிடைக்கும் வெளிர் நிறக் கல்லை உடைத்துப் பரப்பிய சாலைகள் என்பதால் அந்தப் பெயர். ஒரு காலத்தில் அங்கே விவசாயம் பெரும்பாலும் வாரத்துக்குத்தான் நடந்தது, விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவனுக்கு. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனிக் குன்றின் மேல் கல் வீட்டில் இருந்தது, அந்த வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜனங்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரங்களுக்குப் போய்விட்டார்கள், 1964-இல் புதிதாக வார ஒப்பந்தம் போடக் கூடாதென்று சட்டமே வந்துவிட்டது. வீடுகள் காலியாகின, பாதைகள் மட்டும் மிஞ்சின. இன்று சைக்கிளில் போகிறவர்கள் ஆகா என்ன அமைதி என்று சிலாகிக்கும் அமைதி, ஊரைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் விட்டுப்போனது. இதை எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்வதில்லை, உங்கள் கட்டுரையும் சொல்லவில்லை.

பிறகு அந்தப் பாதைகளையும் ஒவ்வொன்றாகத் தார் மூட ஆரம்பித்தது. அதைத் தடுக்கத்தான் ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் 1997-இல் கயோலே என்ற சின்ன ஊரிலிருந்து ‘லெரோயிகா’ என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். முதல் வருடம் வந்தது 92 பேர். பழைய சைக்கிள், பழைய கம்பளிச் சட்டை, பழைய சாலை, இவ்வளவுதான் விஷயம். சைக்கிள் 1987-க்கு முந்தையதாக இருக்க வேண்டும், கியர் மாற்றும் குச்சி ஹேண்டில்பாரில் இல்லாமல் சட்டத்தின் சாய்ந்த குழாயில் இருக்க வேண்டும், இப்படி விதிகள். வழியில் சாப்பிட எனர்ஜி பார் கிடையாது. ரொட்டி, ஆலிவ் எண்ணெய், பீன்ஸும் முட்டைக்கோசும் போட்டுக் கொதிக்கவைத்த சூப், ஆசைப்பட்டவர்களுக்கு ஒரு மடக்கு ஒயின். இன்று அக்டோபர் மாதம் அது நடக்கும்போது அந்தச் சின்ன ஊர் தாங்காத அளவுக்கு ஆட்கள் குவிகிறார்கள். நீளமான பாதை 209 கிலோமீட்டர், அதற்கு வருடம் முழுவதும் வழிகாட்டிப் பலகைகள் உண்டு, யார் வேண்டுமானாலும் தங்கள் சௌகரியத்துக்கு ஓட்டலாம்.

இதைப் பார்த்துத்தான் 2007-இல் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் வந்தது. இப்போது அதன் பெயரே ஸ்ட்ராடே பியாங்கே, மார்ச் மாதத்தில் நடக்கும், சியெனாவின் பெரிய சதுக்கத்தில் போய் முடியும். கடைசியில் வரும் லே தோல்ஃபே என்ற மேட்டில் ஒரு இடத்தில் சரிவு 18 சதவீதம். டிவியில் பார்த்தால் தெரியாது, சரளையில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும், உட்கார்ந்து மிதித்தால் முன் சக்கரம் தூக்கும், இரண்டுக்கும் நடுவே எங்கேயோ ஒரு இடம் இருக்கிறது, அதை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, இறங்கித் தள்ளினேன். இத்தாலியைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் ஜீரோ தித்தாலியா சைக்கிள் பந்தயம் 2010-இல் ஒரு நாள் மழையில் இதே மாதிரிச் சாலைகள் வழியாக மொந்தால்ச்சீனோ என்ற ஊருக்குப் போனதே, ஆஸ்திரேலிய வீரர் கேடல் எவன்ஸ் ஜெயித்த அந்த நாள், அன்று எடுத்த படங்களைப் பாருங்கள். எல்லாரும் ஒரே சேற்று நிறம், யார் எந்த அணி என்றே தெரியாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன ஏப்ரலில் சியெனாவில் ஒரு கடையில் கிராவல் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். தெரியாதவர்களுக்காக: பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார்தான், ஆனால் டயர் 40 மில்லிமீட்டர் அகலம், காற்றும் குறைவாகத்தான் அடிப்பார்கள். இறுக அடித்தால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து பேசும். ரயிலில் சைக்கிளை ஏற்றி அஷானோ என்ற ஊரில் இறங்கி, மொந்தே சாந்தே மரியே என்ற 11.5 கிலோமீட்டர் சரளைப் பகுதிக்குள் நுழைந்தேன். இருபுறமும் சாம்பல் நிறக் களிமண் குன்றுகள், அதன் மேல் பச்சைக் கோதுமை, தூரத்தில் ஒற்றை வீடு. ஒரு மணி நேரத்தில் இரண்டு கார்கூட வரவில்லை. டயருக்கடியில் சரளை நொறுங்கும் சத்தம், வானம்பாடி, என் மூச்சு. மேடு ஏறும்போது மூச்சுச் சத்தம் மற்ற இரண்டையும் அமுக்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் சாலைக்குக் குறுக்கே சின்னச் சின்ன வரம்புகள் மாதிரி எழும்பியிருக்கும், பிரேக்கை அழுத்திப் பிடித்தால் போச்சு, கையைத் தளர்த்திச் சைக்கிளை அதன் போக்கில் விட வேண்டும்.

அப்படி விட்டதில் கூரான கல் ஒன்று டயரைக் கிழித்தது. கடைக்காரர் கொடுத்த மாற்று ட்யூபை எடுத்துப் பார்த்தால் அதன் வால்வு மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரி தடிமன், சக்கரத்தின் துளையோ மெல்லிசு, நுழையவே இல்லை. போனில் சிக்னலும் இல்லை. முக்கால் மணி நேரம் சைப்ரஸ் நிழலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது தூசி கிளப்பிக்கொண்டு அப்பே என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்று வந்தது. நம் ஊரில் ஓடுகிறதே, அதே அப்பேதான், அதன் பிறந்த வீடு இத்தாலி. ஓட்டிவந்த பெரியவருக்கு எழுபது, எழுபத்தைந்து வயதிருக்கும். ஒன்றும் கேட்கவில்லை, சைக்கிளைப் பின்னால் போடச் சொல்லிக் கை காட்டினார், முன்னால் அவர் ஒருவருக்கே இடம் போதவில்லை, நான் சைக்கிளோடு பின்னால் ஏறிக்கொண்டேன். அஷானோ வந்து சேர்ந்தபோது நானும் பந்தய வீரர்கள் மாதிரி ஒரே நிறமாக இருந்தேன்.

காபி வாங்கிக் கொடுத்து, எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் உங்கள் சாலை எவ்வளவு அழகு என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கோடையில் வந்து என் வீட்டுக் கொடியில் காயும் துணியைப் பார் என்றார். மழைக்கு மழை அரிப்பு, வெயிலுக்கு வெயில் தூசி, வருடத்துக்கு ஒரு தடவை இயந்திரம் வந்து சுரண்டிச் சமப்படுத்திக் கல் கொட்டிவிட்டுப் போகும், மறு மழையில் பழையபடி. இரண்டு நாள் வந்து படம் எடுத்துப் போகிறவர்களுக்காக நாங்கள் தூசி தின்கிறோம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ஆகவே அங்கே வாழ்கிறவர்கள் எல்லாரும் இந்தச் சாலையை ஆரத்தி எடுத்துக் கொண்டாடுகிறார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. ஆனால் தார் போட்டால் கார்கள் வேகமாக வருமே என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

போக நினைக்கும் வாசகர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன், இதையும் உங்கள் கட்டுரையில் தேடினேன். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசியில் போங்கள், ஜூலை ஆகஸ்டில் நிழலே இல்லாத அந்தக் குன்றுகளில் வெயில் நம்மையே சுருட்டிவிடும். செப்டம்பர் மூன்றாவது ஞாயிறிலிருந்து வேட்டைக் காலம், துப்பாக்கியோடு திரிவார்கள், பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுவது நல்லது. ஊர்க் குழாய்களில் தண்ணீர் பிடிக்கலாம், ‘நோன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்க வேண்டாம். மதியம் கிராமக் கடைகள் மூடிவிடும், எனவே சாப்பாட்டைக் காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நமக்கு முதல் வாய் தொண்டையில் இறங்காது, மேலே ஆலிவ் எண்ணெயும் ஆட்டுப்பால் சீஸும் வைத்துச் சாப்பிட்டால் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது புரியும். அப்புறம், வாடகைச் சைக்கிள் எடுக்கும்போது மாற்று ட்யூபின் வால்வைக் கடையிலேயே சக்கரத்தில் நுழைத்துப் பாருங்கள்.

இந்தக் கடிதத்தைப் போட இடமில்லை என்றால் பரவாயில்லை. இணையப் பதிப்பில் அந்தப் படத்துக்குக் கீழே உள்ள ஒரு வரியையாவது மாற்றிவிடுங்கள். படத்தில் இடப்பக்கம் தனியாக நிற்கிற மரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நான் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த மரம் மாதிரியே இருக்கிறது.

அன்புடன்,
பொலோன்யாவில் வசிக்கும் ஒரு வாசகர்