தோப்புக்குள் ஒன்பது குழி: கோடரி எடுக்கும் முன் ஒரு திறந்த மடல்

மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையே தென்னையும் தேக்கும் மூங்கிலும் அடர்ந்த பழைய தோப்பில் ஒன்பது குழி கோல்ஃப் திடல் அமைக்க முனைந்திருக்கும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் வரைபடத்தைப் பார்த்தோம். மரங்களைக் காப்பாற்ற நினைத்திருக்கிறீர்கள், அதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்பது குழிக்கும், அதாவது பந்தடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து துளை வரையிலான ஒன்பது ஆட்டப் பாதைக்கும், 25 மீட்டர் அகலத்தில் நேர் சந்துகளை வெட்டினால் ஆட்டம் இருக்காது, பந்து தேடும் வேலைதான் இருக்கும்.

கணக்கு எளிது. 180 மீட்டர் அடிப்பவரின் பந்து பத்து பாகை விலகினால் நடுக்கோட்டிலிருந்து சுமார் 31 மீட்டர் தள்ளி விழும். உங்கள் சந்தில் நடுக்கோட்டிலிருந்து மரம் வரை பன்னிரண்டரை மீட்டர்தான். பந்து விழும் பகுதியில் இருபக்க மரங்களுக்கும் இடையே 60 மீட்டராவது விடுங்கள். அதில் நடு 35 மீட்டரில் புல்லை ஒட்ட வெட்டினால் போதும். மிச்சத்தில் அடிக்காடு நீக்கிய, பந்து கண்ணுக்குத் தெரியும் தரை இருக்கட்டும். டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி திடல் புதருக்கு நடுவே குறுகலாகத்தானே இருக்கிறது என்பீர்கள். அங்கே தேர்ந்தவர்களே நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைப் பையில் வைத்துவிட்டு இரும்பு மட்டையை எடுக்கிறார்கள். உங்களிடம் வரப்போவது புதிதாகக் கற்பவர்கள்.

அகலம் கேட்பது சலுகைக்காக அல்ல. எந்தப் பக்கம் அடிப்பது என்று ஆட்டக்காரர் யோசிக்க இடம் வேண்டும். நான்காம் குழியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 320 மீட்டர், பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி. பாசன வாய்க்காலை 150 மீட்டரில் குறுக்கே நேராகக் காட்டியிருக்கிறீர்கள். 140 அடிப்பவர் ஒவ்வொரு முறையும் வாய்க்காலுக்கு முன் நிறுத்தியே ஆக வேண்டும். 200 அடிப்பவருக்கு அப்படி ஒரு வாய்க்கால் இருப்பதே உறைக்காது. இருவருக்கும் யோசிக்க ஒன்றுமில்லை. வாய்க்காலைத் தொட வேண்டாம், டீயை, அதாவது அடிக்கத் தொடங்கும் மேடையை, மட்டும் நகர்த்துங்கள். அது சாய்வாகக் கடந்து, இடப்பக்கம் 120 மீட்டரிலும் வலப்பக்கம் 175 மீட்டரிலும் வரட்டும். துளை இருக்கும் ஒட்டப் புல்வெளியான கிரீனின் இடது முன்புறம் ஒரு புல் பள்ளம் வையுங்கள். துணிந்து வலப்பக்கம் தாண்டியவருக்குக் கிரீன் முழுதாகத் திறந்திருக்கும். இடப்பக்கம் ஒதுங்கியவர் அடுத்த அடியில் பள்ளத்தைத் தாண்டியாக வேண்டும். பங்கர் என்னும் மணல் பள்ளம் வேண்டாம். ஐப்பசி மழையில் அது குட்டையாகிவிடும், கரை சரிந்து களிமண் மணலோடு கலக்கும், பிறகு தள்ளிவிட்டு நிரப்புவதே பிழைப்பு.

ஏழாம் குழி முழங்கைபோல் வளைகிறது. அந்த வளைவை ஒற்றைத் தென்னையை நம்பி வைத்திருக்கிறீர்கள். அமெரிக்காவின் அகஸ்டா திடலின் 17ஆம் குழியில் ஐசனோவர் மரம் என்று பெயர்பெற்ற பைன் நின்றது. 2014 பிப்ரவரி பனிப்புயலில் சிதைந்து அகற்றப்பட்டது. அவ்வளவு தூரம் ஏன், 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா அடித்தபோது இந்தச் சுற்றுவட்டாரத்தில் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்ததை உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? மரம் விழுந்தாலும் குழி குழியாகவே நிற்க வேண்டும். வளைவை நிலத்தின் மேடும் வாய்க்காலும் தாங்கட்டும், மரம் அழகுக்கு நிற்கட்டும். டீ மேடைக்கு மேலே காய்க்கும் தென்னை கூடவே கூடாது. காரணம் வேண்டாமே.

இனி கிரீன். தவறு நடந்தால் திருத்தச் செலவு அதிகமாகும் இடம் இதுதான். கோல்ஃப் உலகம் பெர்முடா என்று கொண்டாடும் புல் நம்ம அருகுதான். 'அருகுபோல் வேரூன்றி' என்று வாழ்த்துகிறோம், ஆனால் நிழலில் அருகு வேரூன்றாது. நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வெயில் வேண்டும். கிழக்கே மூங்கில் புதர் நின்றால் காலைப் பனி காயாது, காற்றும் வராது, பூஞ்சை வரும். இரண்டாம், எட்டாம் கிரீன்கள் அப்படித்தான் இருக்கின்றன. கிழக்கையும் தென்கிழக்கையும் திறந்துவிடுங்கள், மேற்கு மரங்கள் நிற்கட்டும்.

400 சதுர மீட்டர் கிரீனுக்கு 30 செ.மீ. மணல் என்றால் சுமார் 42 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). அதன் கீழே 10 செ.மீ. சிறுஜல்லிக்கு 14 யூனிட். ஜல்லிக்குக் கீழே துளையிட்ட நான்கு அங்குலக் குழாய்கள், ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல், நூறு அடிக்கு ஆறு அங்குலச் சரிவில். இது எல்லா ஊருக்கும் பொது. டெல்டாவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு: கார்த்திகையில் வடிகால் வாய்க்கால் கரைமுட்ட ஓடும்போது குழாயின் வாய் அதற்குக் கீழே இருந்தால் தண்ணீர் கிரீனுக்குள்ளேயே திரும்பி ஏறும். எனவே குழாய் வாய், வடிகாலின் உச்ச நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கிரீன் சுற்றுத் தரையைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர வேண்டியிருக்கும். அந்த மண்ணுக்குக் குளம் வெட்டுங்கள். கோடையில் புல்லுக்குத் தண்ணீரும் அதிலிருந்தே கிடைக்கும்.

தோப்பின் ஓரங்களுக்கு வெள்ளைக் குச்சி அடிக்காதீர்கள். வெள்ளைக் குச்சியைத் தாண்டிய பந்து எல்லைக்கு வெளியே என்றாகிவிட்டால் ஒரு அடி (ஸ்ட்ரோக்) அபராதத்தோடு பழைய இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும், பின்னால் வருபவர்கள் காத்துக் கிடப்பார்கள். 2019 விதிகளின்படி தண்ணீர் இல்லாத காட்டையும் சிவப்புக் குச்சியால் அபராதப் பகுதியாகக் குறிக்கலாம். பந்து அதற்குள்தான் போனது என்பது உறுதியானால், அது அந்தப் பகுதியின் விளிம்பைக் கடந்த இடத்தருகே ஓர் அடி அபராதத்தோடு ஆட்டம் தொடரும். யாரும் மூன்று நிமிடம் புதருக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டியதில்லை. கட்டுவிரியன் உள்ள ஊரில் இது விதியைவிடப் பெரிய நன்மை.

மரம் வெட்டும் ஆட்களை இப்போதே வரவழைக்காதீர்கள். கார்த்திகை மழை முடிந்ததும் எங்கெங்கே தண்ணீர் மூன்று நாளுக்கு மேல் நிற்கிறது என்று பார்த்து முளைக்குச்சி அடியுங்கள். தை பிறந்ததும் ஒவ்வொரு குழியிலும் நடுக்கோட்டில் பத்து மீட்டர் மட்டும் வெட்டி, டீயிலிருந்து கிரீன் தெரிகிறதா என்று பாருங்கள். அகலப்படுத்துவதை அதற்குப் பிறகு, மரம் மரமாக முடிவு செய்யலாம். நான்காம் குழியில் டீயை எங்கே வைப்பது என்று வாய்க்கால் கரையில் நின்று பேச அழைத்தால் வருகிறோம்.

இப்படிக்கு,
திடல் அமைப்பும் பராமரிப்பும் அறிந்த சிலர்